அப்பா வாங்கிய கல் பனை

சூடான தோசைக்கல்லில் நல்லெண்ணெய் பட்டு எழும் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கோ பல கோடி வருடங்களுக்கு முந்தைய ஒரு மரத்தண்டு ஞாபகம் வரும்.

தொண்ணூற்றாறில், அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், எனக்குப் பத்து வயது. அப்பா, யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற ஒரு 'கராஜ் சேலில்' பூசணி அளவுக் கல் ஒன்றைத் தூக்கிவந்தார்: வெளியே செதில் செதிலாக இலையடிகள், ஒரு பக்கம் மட்டும் குறுக்கே அறுத்த வெட்டுமுகம். "ஏட்டி, இது பனை. திருச்செந்தூர்க்காரன் கண்ண மூடிட்டுத் தடவியே சொல்லிருவான்" என்றார். நானும் வேறெதுவும் யோசிக்காமல், பள்ளியின் 'சயின்ஸ் ஃபேர்' அட்டையில் "கல்லான பனை" என்று முழங்கை நீள எழுத்தில் எழுதி, கிடைக்கப்போகும் பரிசு ரிப்பனுக்குச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டேன். அப்பா எனக்கும் ஒரு படி மேல். பக்கத்து ஊர் பேர்லேண்ட் கோவிலில் கண்ணில் பட்ட அங்கிள், ஆண்டி எல்லாரையும் "நம்ம ஊர்ப் பனையப் பாக்க வாங்க" என்று அழைத்துவிட்டார்.

போட்டியன்று காலை, கல் மங்கலாக இருக்கிறதென்று அம்மா, தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் அதற்கு நல்லெண்ணெய் தேய்த்தாள். வெட்டுமுகம் விழித்துக்கொண்டது. நூலகப் புத்தகத்தின்படி, பனையென்றால் தண்டு முழுக்கப் புள்ளிகள் சிதறியிருக்க வேண்டும். இதிலோ நடுவில் அகலமான உட்சோறு, அதைச் சுற்றி மெல்லிய மரவளையம், அதற்கும் வெளியே வளைந்தோடும் கோடுகள். எனக்கு அட்டையை ஒளித்துவைக்கவும் தோன்றியது, கூடவே குதிக்கவும் தோன்றியது.

"அப்பா, புள்ளியே இல்ல. இது பனை இல்லப்பா."

"எண்ணெ பட்டா அப்படித்தான் தெரியும். வண்டில ஏறு."

நடுவர் நிலவியல் படித்த ஓர் அமெரிக்க அம்மையார். எனக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நான்கு ஆண்டிகள், வீடியோ கேமராவுடன் அப்பா. பனையென்று எப்படித் தெரியும் என்று நடுவர் கேட்டதும், "பனை இல்லை" என்றேன். கேமரா தாழ்ந்தது. அம்மையார் குனிந்து, எண்ணெய் வாசனைக்கு ஒரு கணம் திகைத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துத் துள்ளினார். சைக்கட் என்றார், பனைபோல் வேஷம் போட்டு, பனைக்கு உறவே இல்லாத மரம். அந்த வளைகோடுகள் இலைக்கு நீர் போகும் குழாய்களாம். எதிர்ப்பக்கத்தில் கிளம்பி, தண்டைப் பாதி சுற்றித்தான் தன் இலைக்குப் போகுமாம்.

"எங்க அப்பா டிரைவ் பண்ற மாதிரி" என்று வாயை விட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் எக்ஸிட்டைத் தவறவிட்டு, ஊரைச் சுற்றும் லூப் சாலையில் ஹூஸ்டனையே வலம்வந்து, வழியெல்லாம் ஊர்க்கதை சொல்லி, பத்து நிமிட வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் போகிறவர் அவர். ஆண்டிகள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். அப்பா கேமராவை மறுபடி உயர்த்தினார்.

"ஏட்டி, போய்ச் சேருதா இல்லையா? அத மொதல்ல கேளு."

ரிப்பன் கிடைக்கவில்லை, அட்டையில் பனை அப்படியேதானே இருந்தது. ஆணியில் அம்மா காலண்டர் மாட்டினாள்.

கல் இப்போது என் வீட்டில் கதவுக்கு முட்டு. கோடுகளைக் காட்டி அப்பாவின் லூப்பைச் சொன்னால் என் மகளுக்குப் புரிவதில்லை. ஃபோன் சொல்லும்போது ஒருவர் எப்படி எக்ஸிட்டை விடுவார் என்கிறாள். அப்பாவுக்கும் இப்போது ஃபோன்தான் வழி சொல்கிறது. எங்கும் சுற்றாமல் நேரே வந்து இறங்கிவிடுகிறார். ஊர்க்கதைதான் பாதியில் நிற்கிறது.