நடுவில் வைத்த மைக்

செய்தி குரல் பதிவாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் தோசைக் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெபராஜின் மனைவி அனுப்பியிருந்தாள். "டீச்சரக்கா, அவுக போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாவ, ஆஸ்பத்திரி வாசல்லயே..." அதற்கு மேல் அழுகைதான். மறுபடி போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைவிட எட்டு வயது இளையவர். எனக்கு முந்திக்கொண்டு போனாரே என்ற கோபம் இன்னும் தீரவில்லை.

பாளையங்கோட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சபைக் கூட்டத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக்செட் கட்டியவர். "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சோதிக்கும் அந்தக் கரகரத்த குரல் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் போன வருடம் ஸ்ரீவைகுண்டத்தில் அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அங்கே ஒரு வாழைத் தோட்டத்தில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருக்கும்போதே பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் என்ற பெண் மயங்கி விழுந்தாள்; பிழைத்ததே பெரிய காரியம். அன்று மருந்தே அடிக்கவில்லை, அவள் வீட்டிலிருந்தே சுகமில்லாமல் வந்தாள் என்று தோட்ட முதலாளி சாதித்தார். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். முதலாளி முகத்துக்கு எதிரே பேசப் பெண்கள் பயந்ததால், பதிவு செய்து கொடுத்தால் கேட்பதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகு பெண்கள் சங்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு, முழ நீளக் குச்சி மாதிரி ஒரு மைக் வாங்கினேன். யாருக்கு நேரே நீட்டுகிறோமோ அந்தக் குரலை மட்டும் எடுக்கும். ஜெபராஜிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் காதைச் செவிடாக்குகிறவருக்குப் பதிவைப் பற்றி என்ன தெரியும் என்ற இளக்காரம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டில், தோட்டத்தில் வேலை செய்யும் ஏழு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மைக்கை நீட்டியதும் ஒவ்வொருத்தியும் வாயை மூடிக்கொண்டாள். இசக்கியம்மாள் ஒருத்திதான் துணிந்து பேசினாள்.

இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஜெபராஜின் கடைக்குப் போனேன். ஹெட்போனைக் கழற்றியபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இரைச்சலே இல்ல யக்கா. அதான் பயமா இருக்கு. மத்தவங்க எங்க?"

"சுத்தித்தான் இருந்தாங்க. யாரும் பேசல."

"பேசலன்னாலும் உம் கொட்டியிருப்பாவள்லா? நம்ம பொம்பளைய சும்மா உக்காந்து கேப்பாவளா?"

கொட்டினார்கள். இசக்கி சொன்ன ஒவ்வொன்றுக்கும் "உம்", "ஆமா", "பின்ன" என்று கொட்டத்தான் செய்தார்கள். அதையெல்லாம் மைக் கழித்துவிட்டிருந்தது. நானும் அதை நல்லதென்றே நினைத்திருந்தேன். ஒருத்தி பேசும்போது மற்றவள் சத்தம் போடக் கூடாது என்று வகுப்பில் முப்பது வருடம் சொன்ன வாய் அல்லவா!

"இதக் குடுத்தா இசக்கிய நாமளே காட்டிக் குடுத்த மாதிரி. அவ ஒருத்தி சொன்ன பொய்னு ஆக்கி, நாளைக்கே வேலைக்கு வராதன்னுருவாவ. மைக்கு என்ன காணிக்கைப் பையா, ஒவ்வொரு ஆளுக்கா நீட்டிட்டுப் போறதுக்கு? கூட்டம் பேசினா கூட்டத்துக்கு நடுவுல வைக்கணும் யக்கா."

எனக்குச் சுருக்கென்றது. விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு.

அன்று மத்தியானமே மறுபடி அதே வீட்டுக்குக் கிளம்பினோம். நாலாபக்கமும் கேட்கும் தட்டையான மைக் ஒன்றை அவர் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். தரையின் அதிர்வு ஏறாமலிருக்கத் துண்டை மடித்து அதன்மேல் வைத்தார். ஃபேனை நிறுத்தினார். சில்வர் தம்ளர்களை எடுக்கச் சொன்னார். வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கதவைச் சாத்தியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. தோட்டத்துக் கங்காணியின் பைக் தெருவில் இரண்டு தடவை போய்வந்தது. இரண்டாம் தடவை வாசலுக்கு நேரே மெதுவானது.

"பைய பேசுங்க, போதும். இதுக்கு எல்லாம் கேக்கும்" என்றார் ஜெபராஜ்.

இசக்கி ஆரம்பித்தாள். "நாங்க குனிஞ்சு களை பறிக்கோம். மேக்க இருந்து மருந்து அடிச்சிட்டே வாரான்."

"உம். காத்தும் அங்கன இருந்துதான்" என்றாள் ஒருத்தி.

"நிறுத்துலேன்னு கத்துனேன். மொதலாளி வரப்புல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு."

தங்கள் சத்தமும் அதில் விழும் என்று தெரிந்ததால் இப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. வழக்கே அந்த ஒரு பேச்சில்தான் நின்றது. இசக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் "உம்" என்றது. அதன் பிறகுதான் மற்றவர்கள், "ஆமா, பாத்தாரு" என்றார்கள்.

திரும்பினேன். ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டு பதிவுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "அன்னைக்கு மொதலாளி வீட்டு விசேஷத்துக்கு, தோட்டத்து ஓரமா நிக்க மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டிட்டு இருந்தேன். மேல இருந்து எல்லாம் தெரிஞ்சுது. இத்தன நாளும் வாயத் திறக்கல யக்கா."

"தம்பி, உங்க சத்தம் அதுல விழுந்திருக்கு. அத மட்டும் வெட்டிருங்க."

"அந்த மைக்குக்கு எட்டாத இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "கெடக்கட்டும்."

மறுநாள் பதிவைப் போட்டார்கள். அந்த "உம்" வந்ததும் முதலாளி நிமிர்ந்தார். "இது மைக்செட் ஜெபராஜ் சத்தம்லா?"

ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். "ஆமா அண்ணாச்சி, நாந்தான். மரத்து மேல இருந்து நானும் பாத்தேன்" என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லி எழுதிக்கொண்டார்.

ஆள் நிற்கும்போது மருந்து அடிப்பது அந்தத் தோட்டத்தில் நின்றது. பேச்சியம்மாளின் வைத்தியத்தை முதலாளி ஏற்க வேண்டியதாயிற்று. இசக்கி இன்றும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்; ஏழு பேரும் சொன்னதற்கு யாரை மட்டும் நிறுத்துவார்? ஜெபராஜைத்தான் நிறுத்தினார்கள். அந்த வீட்டாரும் அவர்கள் சொந்தக்காரர்களும் அதன்பின் ஒரு விசேஷத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அடக்கத்தன்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. இன்னொன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் யாராவது ஓர் உண்மையைத் தனியாகச் சொல்லிவிட்டுத் திகைத்து நின்றால், வாய்விட்டு "உம்" என்கிறேன். அப்போது என் குரல் நடுங்கத்தான் செய்கிறது. அவருடையதும் நடுங்கியிருக்கிறது. பதிவை நன்றாகக் கேட்டால் தெரியும்.