மரத்தில் ஏறினவனுக்குப் பேர் கிடையாது

போன வாரம் எங்கள் தெருமுனையில் நின்ற வாகை மரத்தை வெட்டினார்கள். லாரியின் மேல் நீளமாக ஒரு இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு தொட்டி, தொட்டிக்குள் மெஷின் ரம்பத்தோடு ஒரு ஆள். பெரம்பலூரில் இதெல்லாம் இப்போது சாதாரணம். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன ஜோலி? கீழே நின்றவன் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய் குமாரு, ஒங்க வூட்லேர்ந்துடா!" என்று கத்தினான். மேலே இருந்தவன் ரம்பத்தை நிறுத்தாமலே திரும்பி, "அப்பறம் பேசறேன்னு சொல்லு" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. என் கையிலிருந்த டம்ளர் வேட்டியில் கவிழ்ந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்த என் மனைவி, "என்னாச்சுங்க?" என்றாள். "சூடு தாங்கல" என்றேன். காப்பி ஆறி அரைமணி நேரம் ஆகியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று.

எழுபதுகளின் கடைசி. கீழப்பழுவூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். இருபத்து நான்கு வயது. தலையில் நிறைய முடி, அதைவிட நிறைய நினைப்பு. பள்ளிக்கூடத்து நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. நாலு பேர் கை கோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் பாதிக் கிளைகள் எட்டாம் வகுப்பின் ஓட்டுக் கூரைக்கு மேலேதான் கவிந்திருந்தன. ஒரு சித்திரை மாதக் காற்றில் நடுக்கவட்டையில் வாய்பிளந்து வெடிப்பு விட்டது. தலைமையாசிரியர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஜூன்ல புள்ளைங்க வர்றதுக்குள்ள இத எறக்கிப்புடணும்" என்றார். நான் உள்ளூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன், கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே கோடை விடுமுறையில் மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அடியில் வெட்டித் தள்ளிவிடுகிற மரமில்லை அது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு வகுப்பறை போய்விடும். மேலேயிருந்து கிளை கிளையாக அறுத்துக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்கு ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சவரிமுத்து என்பவரை வரவழைத்தார் தலைமையாசிரியர். கூட வந்தது அவர் மனைவி ஆரோக்கியம். இப்போது 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அப்போது அப்படிப் பேசவில்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவரும் அந்த அம்மாவும் பதிலுக்கு என்னை சார் என்றார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, எனக்கும்தான்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். அறுக்க வேண்டிய கிளையில் சவரிமுத்து தேங்காய்நார் வடத்தைக் கட்டுவார். வடத்தின் மறுமுனையை இன்னும் உயரத்தில் இருக்கும் ஒரு கவட்டை வழியாகக் கொண்டுவந்து கீழே போடுவார். கீழே பத்தடி தள்ளி நின்ற வேப்பமரத்தில் ஆரோக்கியம் அதை மூன்று சுற்று சுற்றி, முனையைக் கையில் பிடித்துக்கொள்வார். மேலே கிளை அறுந்ததும் கனம் முழுக்க வடத்துக்கு வரும். ஆரோக்கியம் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தத் தளர்த்த, ஒரு மாட்டுவண்டிப் பாரமுள்ள கிளை சத்தமில்லாமல் வந்து தரையில் உட்காரும். மரத்தோடு உராய்ந்து வடம் புகையும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார், காலாலேயே அதைச் சாய்த்து ஊற்றுவார். சூடான தேங்காய்நார், நனைந்த வேப்பம்பட்டை. அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. மாமனார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்த மாட்டேன் என்று நான் அடம் பிடித்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்றுதான் என் மனைவி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் நான் ஆரோக்கியத்திடம் கப்பியின் தத்துவத்தை விளக்கினேன். சிரிக்காதீர்கள். வடம் சுற்றிய மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உராய்வு விசை என்றால் என்ன என்று ஒரு பாடமே நடத்தினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிங்களா சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வடம் அடிச்சிப்புடும்" என்றார்.

அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏறுவதற்கு முன் சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். இடுப்புக் கயிற்றின் முடிச்சை ஆரோக்கியம்தான் போடுவார். அதற்குப் பிறகு அவர் மண்ணுக்கு வரும்வரை யாரும் அவர் பேரைச் சொல்லக்கூடாது. மேலேயிருந்து அவர் "புடி" என்பார், "விடு" என்பார், "இரு" என்பார். கீழேயிருந்து ஆரோக்கியம் "ஆச்சு" என்பார். வேறு யாரும் மேலே பார்த்துக் குரல் கொடுக்கக்கூடாது. முதல் நாள் காலையில் தலைமையாசிரியர், கடைநிலை ஊழியர், நான், எல்லோரையும் நிற்கவைத்து சவரிமுத்தே இதைச் சொன்னார்.

"மரத்துல ஏறிட்டா எனக்குப் பேரு கெடயாதுங்க. கீழ எறங்கி வந்து வாங்கிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. "பேரு காதுல விழுந்தா தன்னால தலை திரும்பிடும் சார்" என்றார். எனக்கு அது தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இனி கேமராவைப் பற்றி. சிங்கப்பூரிலிருந்து வந்த என் அக்கா வீட்டுக்காரர் விடுமுறைக்கு என்னிடம் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோல் உறையோடு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலே ஏறாமல் இரண்டு தரம் உலாத்தியிருக்கிறேன். சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் நாலு படம், பழுவூர்க் கோபுரத்தை இரண்டு படம், கண்ணாடியில் என்னையே ஒரு படம். மூன்றாம் நாள் காலையில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. அதை சவரிமுத்துக்கு என்று வைத்திருந்தேன். அவருக்கும் ஆசைதான். "எறங்கினப்பறம் புடிங்க சார், சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டாம். சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தொடையில் ஒட்டவைத்து விறைப்பாக நிற்பார், ஸ்டுடியோப் படம் மாதிரி இருக்கும். வானத்தின் நடுவே, தலையில் துண்டோடு, கையில் ரம்பத்தோடு வேண்டும். நான் கலைஞனாகிக்கொண்டிருந்தேன்.

கூரைக்கு மேலே நீண்டிருந்த கடைசிப் பெரிய கிளை அது. பாதி அறுத்திருந்தார். கீழே வேப்பமரத்தில் வடத்தின் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டதால், ஆரோக்கியம் "இருங்க" என்று கை காட்டிவிட்டு, சுற்றுகளைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வலது கை வடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தது. "ஆச்சு" என்ற சொல்லுக்காக மேலே அவர் அறுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெயில் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்தது. பின்னால் மேகம். ஆனால் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து! இங்க பாரு!"

திரும்பினார். கேமராவைக் கண்டதும் சிரித்தார். படத்துக்கு நிமிர்ந்து நிற்பதற்காக ஒரு காலை எடுத்து, பாதி அறுத்திருந்த கிளையின் மேல் வைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். கிளை முறிந்தது.

இடுப்புக் கயிறு அவரைப் பிடித்துக்கொண்டது. கிளையின் முழுக் கனமும் ஒரே இழுப்பில் வடத்தில் இறங்கியது. ஆரோக்கியத்தின் வலது கை சுற்றுக்குள் மாட்டி மரத்தோடு நசுங்கியது. அந்த அம்மா வடத்தை விடவில்லை. விட்டிருந்தால் கிளை கூரையைப் பிளந்துகொண்டு போயிருக்கும். பிடி விட்டு ஓடுகிற வடம் மேலே தொங்கிக்கொண்டிருந்தவரை என்ன செய்திருக்குமோ தெரியாது. இடது கையால் முனையை இழுத்துப் பிடித்தபடி, வேப்பமரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். கிளை தாழ்வாரத்தை ஒட்டி ஆள் உயரத்தில் தொங்கியது. சவரிமுத்து சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து கிளைக்குத் தோள் கொடுத்துத் தூக்கி, வடம் தளர்ந்த பிறகுதான் கையை வெளியே எடுக்க முடிந்தது. அவ்வளவு நேரமும் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கேமராவை அதன் உறைக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

வேறு யாரும் வாயைத் திறப்பதற்கு முன் நான் பேசினேன். "அந்தம்மா சுத்தைக் கழட்டிட்டாங்க சார். கவனிக்கல."

தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளைய வச்சிக் கயிறு புடிச்சா இப்படித்தான்!"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மனைவியின் கையைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டிருந்த சவரிமுத்து, நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். ஆரோக்கியம் என்னைப் பார்க்கவே இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன் என்று ரொம்ப காலம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டார்களா என்று வேவு பார்க்கத்தான் போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து எழுந்து நின்றார். "நான்தான் சார் திரும்பியிருக்கக் கூடாது" என்றார். இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. பழப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் சொன்ன வாக்கியம் ஊர் ஊராகப் போய்விட்டது. விக்கிரமங்கலத்தில் ஒரு கோயில் மரத்தை இறக்கக் கேட்டவர்கள், கயிறு பிடிக்க ஆம்பளை ஆள் இருந்தால் வா என்றார்களாம். கைக்கட்டை அவிழ்த்த பிறகு ஆரோக்கியம் இடது கையாலேயே பிடிப்பேன் என்று நின்றிருக்கிறார். யாரும் ஒப்பவில்லை. சவரிமுத்து, "அவ புடிக்காத கயித்துல நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குக் கல் தூக்கப் போய்விட்டார். இதெல்லாம் எங்கள் கடைநிலை ஊழியர் எனக்குச் சொன்னது. நான் உச்சுக்கொட்டினேன்.

ஒரு மாதம் கழித்து ஃபிலிம் கழுவி வந்தது. கோபுரம் கோணல், கண்ணாடியில் நான் வெறும் வெளிச்சம். கடைசிப் படம் மட்டும் அப்படி ஒரு படம். தலையில் துண்டு, கையில் ரம்பம், பின்னால் மேகம், நேராக என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு. பார்க்கிற யாருக்கும் தோன்றும், இந்த மனுஷனை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. நான் அதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டவ்வில் எரித்தேன். நெகட்டிவ்வையும் நறுக்கிப் போட்டேன்.

ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஆரோக்கியம் நின்றார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மழைக்கு முன்னால் இருமலில் சவரிமுத்து போய்விட்டார் என்று சொன்னார்.

"கல்லறைத் திருநாளு வருது சார். எல்லா வூட்டுலயும் படத்துக்கு மால போட்டு மெழுகுத்திரி ஏத்துவாங்க. அவரு படம் எங்க வூட்டுல ஒன்னுகூட இல்ல. புடிச்சதே நீங்க புடிச்சது ஒன்னுதான். அது இருந்தா குடுத்தீங்கன்னா..."

என் வாய் தானாகவே பேசியது. "அது விழலம்மா. ஃபிலிமுல வெளிச்சம் பட்டுப் போச்சு."

"அப்படிங்களா" என்றார். பிறகு, "நீங்க கூப்புட்டப்ப நல்லா சிரிச்சாரு சார். நான் கீழேருந்து பாத்தேன். அது விழுந்திருக்கும்னுதான் இத்தினி நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். போயிட்டு வரேங்க என்று இடது கையால் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுக் கட்டடம் போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. வேப்பமரத்தையும் எடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் இல்லை, அந்தக் கடைநிலை ஊழியரும் இல்லை. சவரிமுத்துவுக்கும் ஆரோக்கியத்துக்கும் பிள்ளைகள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு துணிச்சல் வந்து ஏலாக்குறிச்சிப் பக்கம் போய் விசாரித்தேன். ஆரோக்கியம் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது என்றார்கள். நான் யார், என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன். சவரிமுத்துவின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அதைக் கேட்டு இனி யாரும் என்னிடம் வரப்போவதில்லை.