உப்புக் காற்றுக்கு ஒளித்த கூறைப்புடவை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவள் நான். எதுவும் தானாகக் கலையும், தானாக ஒழுங்காகாது. காலம் முன்னால்தான் போகிறது என்று நமக்குத் தெரிவதே அதனால்தான் என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துவேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் பாடம் எனக்கில்லை என்ற நினைப்பு.

கல்பாக்கம் பக்கம் கடலோரக் குடியிருப்பில் எங்கள் வீடு. உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, கதவுத் தாழ்ப்பாள், எல்லாம் துரு. இங்கே எல்லாரும் எல்லாவற்றுக்கும் உறை போடுவார்கள். நான் ஒரு படி மேலே போய், என் கல்யாணக் கூறைப்புடவையை பாலிதீன் கவரில் சுற்றி, டேப் ஒட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். அப்புறம் பிரிக்கவே இல்லை. பிரித்தால் காற்று பட்டுவிடுமாம்!

போன தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், "எனக்கு உன் கூறைதாம்மா வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரம் முன்பே கவரைப் பிரித்தேன். ஜரிகை கறுத்துக் கிடந்தது. உதறினேன், மடிப்புக்கு மடிப்பு சர்ரென்று கிழிந்தது. மகள் முகம் வாடிப்போனது. எனக்கு வந்ததே கோபம்! கடல் மேல், காற்றின் மேல், "அப்பப்ப பிரிச்சுப் பாருன்னு சொன்னேனே" என்ற கணவர் மேல்.

பக்கத்து வீட்டுத் தோழி இந்த ஊர்க்காரி, ஜவுளிக்கடை பாயின் மனைவி, நன்றாகத் தைப்பாள். புடவையைத் தரையில் விரித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா, புழுங்கப் போட்டு வெச்சிகினு இருந்துட்டியே! மடிப்புக்கு நடுவுல நல்லாத்தான் கீது. பாப்பாக்கு ஜாக்கெட்டு தெச்சிரலாம். வெட்டட்டா?"

கத்தரிக்கோலோடு காத்திருந்தாள். மகளும் என்னையே பார்த்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் கூறையில் கத்தரி வைக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்டிவிட்டால் என் கூறைப்புடவை என்று ஒன்று கிடையாது. வெட்டாவிட்டால் பீரோவிலேயே பொடிந்து போகும்.

"வெட்டு" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

நிச்சயதார்த்தப் பந்தியில் மகள் அந்த ஜாக்கெட்டோடு மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள். பரிமாறியவர் கை தவறி, சாம்பார் அவள் தோளில் கொட்டியது. சிரிப்பு நின்றுபோய், பயந்துகொண்டு என்னைத்தான் பார்த்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது.

"விடுடி, அப்பளம் வேணுமா?" என்று கேட்டேன்.