டி.சி. தெருவில் ஒரு ஃபாரின் மெஷின்

எரிந்த கம்பிச் சுருளின் நாற்றம் வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மெயின் சுவிட்சைத் தேடி ஓடுவார்கள். எனக்கோ மனசு குளிர்ந்துபோகும். பதினோரு வயதில், கல்கத்தாவில் தர்மதலா பக்கத்து ஹால் ஒன்றில், அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்து அனுபவித்தவள் நான்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஸ்லைடு படம் காட்ட ஏற்பாடு. படங்கள் அம்மா எடுத்தவை. சங்கத்துக் குடும்பங்களின் பிக்னிக், சீமந்தம், பூஜைப் பந்தல் என்று வருஷக்கணக்காக எடுத்துச் சேர்த்தவற்றை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துத்தான் அதுவரை பார்த்திருந்தாள். ஒரு தடவையாவது சுவரளவு பெரிதாக, எல்லோரும் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது அவள் ஆசை.

சங்கம் புரொஜெக்டர் வாங்கப்போகிறது என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில், விசிறியும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத, பல்பு நேரே கரண்டில் எரிகிற, ஸ்லைடைக் கையால் தள்ளுகிற ஒரு தகர டப்பாவைப் பிடித்தாள். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கடைக்கார "தாதா" (வங்காளத்தில் அண்ணா) கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் கல்கத்தாவின் பழைய தெருக்கள் சிலவற்றில் "டி.சி. லைன்"தான், மற்ற இடங்களில் ஓடுகிற ஏ.சி. கரண்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் சாமானை அதில் செருகினால் புகைந்துபோகும். எங்கள் வீடும் அந்த ஹாலும் ஒரே டி.சி. தெருவில். குடிவந்த வாரமே ஒரு ரேடியோவைப் பலிகொடுத்து அம்மா இதைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

செக்ரட்டரி (பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்) சால்ட் லேக்கில் புது கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருந்தார், அங்கே ஏ.சி. லைன். கிடர்பூரில் கப்பல் சாமான் விற்கிற ஒருவனிடம் "ஃபாரின் மெஷின்" பிடித்து வந்து, பட்டனைத் தட்டினால் படம் தானாக மாறுகிறது, உள்ளே விசிறி ஓடுகிறது, தன் வீட்டில் போட்டுப் பார்த்தாயிற்று என்று கமிட்டிக் கூட்டத்தில் அளந்தார். அம்மா எழுந்து, ஹாலில் டி.சி., இது தாங்காது என்று சொன்னாள். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமி, நீங்க காபியைக் கவனிங்கோ. மெஷினை நாங்க பாத்துக்கறோம்."

சிரித்தார்கள். பாவிகள், அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா அந்தத் தகர டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை.

விழாவன்று ஹால் நிரம்பி வழிந்தது. மைக்காரன் அங்கே எப்போதும் பேட்டரியோடுதான் வருவான். அதைப் பார்த்தாவது அந்த மனிதருக்கு உறைத்திருக்கலாம். பிளக்கைச் செருகி, கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டினார். உள்ளே ஏதோ பொரிந்தது, புகை கிளம்பியது, ஃப்யூஸ் போய் ஹாலே இருண்டது. நான் இருட்டில் கைதட்டினேன்.

விளக்கு வந்ததும், மாமி வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறதே என்று யாரோ எடுத்துக்கொடுக்க, செக்ரட்டரி வேர்த்து வழிந்துகொண்டு எங்கள் வரிசைக்கு வந்து, கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று குழைந்தார். அம்மா உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"மைக்ல சொல்லுங்கோ. டி.சி.ன்னு மாமி சொன்னா, நான்தான் கேக்கலேன்னு. அப்பறம் கொண்டு வரேன்."

முதலில் ஏதோ டெக்னிக்கல் கோளாறு என்று மழுப்பினார். அம்மா அசையவில்லை. பின்வரிசையில் விசிலடித்தார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி மைக்கைப் பிடித்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். அதன் பிறகு அம்மா, அப்பாவைப் பார்த்து, போய்த் தூக்கிண்டு வாங்கோ என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து அவள் படங்களைப் பார்த்தார்கள். சங்கமும் அந்தத் தகர டப்பாவையே விலைக்கு வாங்கியது.

இன்றைக்கு டி.சி. லைன் இல்லை, ஹாலை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள், ஸ்லைடுகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது, அம்மாவும் இல்லை. செக்ரட்டரியும் போய்ச் சேர்ந்தாயிற்று. போன வருஷம் சங்க விழா மேடையில், சங்கத்துக்கு முதல் புரொஜெக்டரைத் தேர்ந்தெடுத்துத் தந்த மேதை என்று அவரைப் புகழ்ந்தார்கள். நான் எழுந்து மைக் கேட்டேன். நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள்.

ஆறட்டும். அதைத் தேர்ந்தெடுத்தது என் அம்மா. இது அச்சில் வரும். அவருடைய பேரன் பேத்திகளுக்குத் தமிழ் படிக்க வராதென்றால், நானே வீடு தேடிப் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.