பெயர் மாறிய பெட்டி

இடது ஆள்காட்டி விரல் திரையில் பழைய பெயரைத் தொட்டுக்கொண்டிருக்க, வலது கை புதிய பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறது. 'மாடி3-கிழக்கு' இனி 'வார்டு9'. தட்டி முடித்ததும் அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் படிப்பார். பிறகுதான் என்டர்.

"நல்ல நேரம் பாத்தாச்சாக்கா?" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

"நீ வாயை மூடினா எல்லா நேரமும் நல்ல நேரம்தான்."

அந்த மருத்துவமனையின் கணினிகளையும் தொலைபேசிகளையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்கா, மேலாளருக்கும்தான். ஒவ்வொரு பெட்டியும் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு வரிகளை ஒரு மென்பொருள் நாள்தோறும் நகலெடுத்து, எந்த வரியை யார் மாற்றினார் என்ற வரலாற்றோடு சேமிக்கிறது. ஆனால் அதற்குப் பெட்டியைத் தெரியாது, பெயரைத்தான் தெரியும். அதன் பெட்டிப் பட்டியலில் பெயரை மட்டும் மாற்றினால், பழையது செத்துப் புதிதாக ஒன்று பிறந்ததென்று எடுத்துக்கொள்ளும். எல்லா வரிகளும் பெயர் மாற்றியவர் அன்றைக்கு எழுதியவை ஆகிவிடும். அதனால் முதலில் சேமிப்பிலுள்ள கோப்பைப் புதிய பெயருக்கு நகர்த்தி, வேறெதையும் தொடாமல் அந்த நகர்வை மட்டும் பதிய வேண்டும். பட்டியல் அப்புறம்.

இது அக்காவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வார்டுகளுக்கு எண் வைக்கத் தொடங்கியபோது, பிரசவ வார்டுப் பெட்டியின் பெயரை மாற்றியவன் அவரோடு வேலை பார்த்தவன். ஒரு குழந்தைக்குத் தகப்பன். கூடப் பிறக்காவிட்டாலும் அக்காவுக்கு அவன் தம்பி. சில நாளில் அங்கே கேபிள் பழுதாகித் தொலைபேசிகள் ஊமையாயின. அப்போது தானாகத் திறக்க வேண்டிய மாற்று வழி திறக்கவில்லை. ஒரு தவறான வரி அதை அடைத்திருந்தது. விசாரணையில் வரலாற்றைத் திறந்து வாசித்தவர் அக்காதான். வரிக்கு வரி தம்பியின் பெயர்.

"அக்கா, நான் பேரை மட்டும்தான் மாத்தினேன். அந்த வரியை நான் பாத்ததே இல்ல."

"திரையில உன் பேருதானேப்பா இருக்கு?"

மேலாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தம்பியின் வேலை போயிற்று.

பிறகொரு நாள் வேறொரு பெட்டிக்கு அக்காவே பெயர் மாற்றினார். மறுநாள், தான் கண்ணால்கூடப் பார்த்திராத வரிகளுக்கு நேரே தன் பெயரைக் கண்டார். எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். பிரசவ வார்டுப் பெட்டியின் பழைய பெயரைத் தேடினால், ஆண்டுக்கணக்கான வரலாறு அங்கேயே கேட்பாரற்றுக் கிடந்தது. அந்த வரியைப் போட்டது என்றோ வந்து போன ஓர் ஒப்பந்தக்காரர்.

"முடிஞ்சு போனதைக் கிளறி என்னக்கா ஆகப்போகுது? அவனும்தான் போயிட்டானே" என்றார் மேலாளர்.

"அவனாப் போகலீங்க. நாம அனுப்பினோம். நான்தான் வாசிச்சேன்."

பழைய வரலாற்றின் வாலில் புதியதைக் கோத்து, ஒரு வரியும் விடாமல் சரிபார்த்து, இரண்டு படிகள் அச்செடுத்தார். ஒன்றை மேலாளரின் மேசையில் வைத்தார். மற்றதோடு, தம்பி வேலை பார்க்கும் கைப்பேசி பழுதுக் கடைக்குப் போனார். ஏன் நீக்கினார்கள் என்ற கேள்வியோடு அவனுடைய நேர்காணல்களெல்லாம் முடிந்துபோனதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

"அந்த வரி உன்னோடது இல்லப்பா."

"அதைத்தானேக்கா அன்னிக்கே சொன்னேன்?"

"பழைய பேர்ல ஒரு தடவை தேடியிருக்கணும். தேடாம விட்டுட்டேன்."

அவன் பிரித்துப்போட்ட கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேலை திரும்பக் கிடைக்குமா?"

"தெரியல. அடுத்த நேர்காணல்ல இதைக் காட்டு. கீழ என் நம்பர் இருக்கு. யார் கூப்பிட்டாலும் நான் பேசுறேன்."

தாள்களை நீட்டினார். அவன் விரல்களெல்லாம் திரை ஒட்டும் பசை. துணியில் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. தாளில் கறை படாதபடி இரண்டு முன்கைகளையும் சேர்த்து நீட்டினான். அக்கா அவற்றின்மேல் மெதுவாக வைத்தார்.