எருமை மூச்சுவிட்ட ஒன்பது நாட்கள்

முதுகலை முதல் ஆண்டின் முடிவில், இருவர் இருவராகச் சேர்ந்து இரண்டு நிமிட நகைச்சுவை அனிமேஷன் படம் ஒன்றைச் செய்து தரவேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. அஸ்தினாபுரத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி என்னுடன் சேர்ந்தாள். சென்னை ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் நடுவே ஓர் எருமை படுத்துவிடுகிறது, பேருந்தும் ஆட்டோவும் அமைச்சரின் காரும் அதன்முன் நின்று அலறுகின்றன, அது அசைவதாயில்லை. இதுதான் கதை. அதன் நகைச்சுவைக்காக நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் வரையவேண்டிய வேலையில், கதாநாயகன் நகரவே மாட்டான் என்பது பெரிய சலுகையாகத் தோன்றியது. ஒரே ஓர் எருமையை வரைந்து கடைசிவரை ஓட்டிவிடலாம்.

அந்தப் படத்தில் நான் தேறியாகவேண்டும். இளங்கலை முடித்ததும் நான் பி.எட். சேரவேண்டும் என்றுதான், ஆசிரியர்களான என் பெற்றோர் இருவரும் எண்ணியிருந்தார்கள். அம்மா எனக்காக இறங்கிவந்தார். அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்.

"ஒரே ஒரு அரியர் வந்தாலும் அதோட நிறுத்திக்கணும். அப்புறம் பி.எட்.தான். சரியா?"

சரி என்றிருந்தேன்.

தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் வகுப்பில் முன்னோட்டம் நடந்தது. திரை நிறைய எருமை. எங்கள் பேராசிரியை மவுஸை மூன்று முறை தட்டினார்.

"என்னம்மா, ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம். எருமை படுத்திருக்கு."

"படுத்திருக்கா, செத்துப்போச்சா?"

வகுப்பே சிரித்தது. படத்துக்கு வராத சிரிப்பு எங்களைப் பார்த்து வந்தது. ஒரே படத்தை நீட்டி வைத்தால் திரையில் உயிர் நின்றுபோகும், சும்மா இருப்பதையும் வரைந்தே ஆகவேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

மறுநாள் காலை, வீட்டிலிருந்து நடந்து பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் போய், அங்கே படுத்திருந்த எருமை ஒன்றின் எதிரே நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். தண்ணீர் கேன் போடுபவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, மாடு உன்னுதா? அப்போலேந்து பாத்துகினே கீறியே."

"இல்லண்ணா, வரையறதுக்கு."

"அது இன்னா பண்ணுது, வரையறதுக்கு? சும்மா படுத்துகினு கீது."

அவர் சொன்னது தவறு. விலா மெல்ல ஏறி இறங்கியது. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சிலிர்த்தது. தாடை ஒரு பக்கமாக அரைத்தது. சும்மா இருப்பதற்குள் இத்தனை வேலை நடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது.

எங்கள் வீட்டு முன்னறையில் இருவரும் வரையத் தொடங்கினோம். மின்விசிறியைப் போட்டால் தாள்கள் பறக்கும். போடாவிட்டால் வியர்வை சொட்டிப் பென்சில் கோடுகள் கலங்கும். பள்ளியிலிருந்து திரும்பிய அம்மா, மடித்த செய்தித்தாளால், காற்று தாளில் படாதபடி என் பின்கழுத்தில் மட்டும் வீசிக்கொண்டிருப்பார். ஒரு வாரம் ஓடியும் தேவையானதில் பாதியைக்கூட எட்டவில்லை.

"விட்டுடலாம்டி," என்றாள் தோழி. "அரியர் எனக்கொண்ணும் புதுசு இல்ல."

"எனக்குப் புதுசு. அதோட முடிஞ்சுடும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "சரி, சரி. மூஞ்சிய அப்படி வச்சுக்காத. எருமையே பரவால்ல போல இருக்கு."

தேர்வன்று படம் ஓடியது. எருமை மூச்சுவிட்டது. மவுஸை யாரும் தட்டவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவுமில்லை. அமைச்சரின் கார் சைரன் அலற வந்து நின்ற இடம் நாங்கள் மலைபோல் நம்பியிருந்த இடம். அங்கே ஒருவர் இருமினார். படம் முடிந்து விளக்கு எரிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி வரைக்கும் அது எழுந்திருக்கவே இல்லையேம்மா?"

எழுந்து, இரண்டடி நடந்து, எதிர்த் தடத்தில் படுத்துக்கொள்வதாகத்தான் கதை. பொருத்தமான விளக்கம் ஒன்றை உருவாக்கும் தெம்பு எனக்கு இல்லை.

"எழுந்திருக்கணும் சார். வரைய முடியல. நாங்களும் அது பக்கத்துலயே படுத்துட்டோம்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. தேர்வாளர் தோள்கள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு படத்தின் கணக்கில் சேருமா, என் தோல்வியின் கணக்கிலா என்று தெரியாமல், அவர் மேசையின் விளிம்பைப் பற்றியபடி நின்றேன். அவர் தாளில் ஏதோ எழுதினார். என் பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டி அதைத் தலைகீழாகப் படித்த தோழி, என் கையை வலிக்கும்படி கிள்ளினாள்.

"பாஸ்டி. விளிம்புல தப்பிச்சுட்டோம்."