“எதுட்டி?” என்று சத்தமாகக் கேட்டவர்

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றபோது, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கைபேசிக்குச் செய்தி வந்தது: டாக்டர் செண்பகவல்லி காலமாகிவிட்டார். தென்காசியில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். குளிக்காமல் திரும்பினேன். என் உருவம் விலகியதில் வரிசைக்கு மகிழ்ச்சிதான்.

அருவிக்கும் அவருக்கும் என் கணக்கில் ஒரு தகராறு உண்டு. அப்போது மூத்தவன் வயிற்றில் ஏழு மாதம். வெள்ளைபட்டது, மீன் வாடை, அரிப்பு. மாமியார் “சூடு” என்று தீர்ப்புச் சொல்லி, குற்றாலத்தில் குளிக்க வைத்தார். நான் படித்தவள் அல்லவா? கிருமிநாசினி கலந்து உள்ளேயும் கழுவினேன். வாடை கூடியது.

டாக்டர் முன்னால், “அது வந்து... அங்க...” என்று இழுத்தேன்.

“எதுட்டி? மூக்கா, முழங்காலா?” அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் ஏறியது. “உள்ள விட்டா கழுவுத? அதென்ன சொம்பா? அங்கன நல்ல கிருமியும் குடியிருக்கு. அதைக் கொன்னுட்டு, கெட்டதுக்கு எடம் ஒழிச்சுக் குடுத்திருக்க!”

“சூடுதான் டாக்டரம்மா” என்றார் மாமியார்.

“சூட்டுக்கு மீன் வாடை வருமா ஆச்சி? இப்படியே விட்டா பிள்ளை குறைமாசத்துல வந்தாலும் வந்துரும். அருவியா வந்து காப்பாத்தும்?”

சோதனை செய்து மாத்திரை கொடுத்தார். மாதம் நிறைந்துதான் பிறந்தான். இன்று ஆறடி உயரத்தில் பரோட்டா தின்கிறான்.

போன வாரம் இரங்கல் கூட்டம். மேடை முழுக்க வேட்டிகள். ஓர் அண்ணாச்சி, “தாய்மார்களின், மேடையில் சொல்லத் தகாத சங்கடங்களை அம்மையார் தீர்த்துவைத்தார்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலத்துக்கு மூத்திரச் சந்துவரை விளம்பரம் ஒட்டலாம். கர்ப்பிணியின் பெண்ணுறுப்பில் தொற்று வந்தால் மட்டும் தகாததா? “நீங்க வாயைப் பொத்துதீங்க, வயித்துப் பிள்ளைக்குல்லா ஆபத்து” என்று ஆயுள் முழுக்கக் கத்தியவர் படத்துக்கு மாலை போட்டு, அவர் வாயையே கட்டுகிறார்கள்!

பக்கத்தில் தம்பி மகள், ஆறு மாதக் கர்ப்பிணி. என் காதில், “அத்தை, எனக்கும் அது...” என்றாள்.

“எதுட்டி?”

அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டார். அப்படியே அவளை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“என்ன தொந்தரவு?” என்று கேட்டாள் வாசலில் இருந்த நர்ஸ். தம்பி மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வரலாற்றில் அது முதல்முறை.

“வெள்ளைபடுது. நாத்தமும் அரிப்பும் இருக்கு” என்றாள், பெஞ்சு முழுக்கத் திரும்பும்படி.

திரும்பட்டும். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதை மெதுவாகக் கேட்பதாக நான் இல்லை.